பாக்டீரியா வனைந்த கூடு

ஒரு வைரஸை ஆராய வேண்டுமெனில் முதலில் அதனை வளர்க்க வேண்டும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸோ ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களில் எளிதில் பெருகவில்லை. ஆதலால், 1970களில் அதனை ஆய்ந்தோர் நோயாளரின் குருதியையே நம்பியிருந்தனர். கிடைத்த அளவோ சிறிது. கையாளுவோரைத் தொற்றிக்கொள்ளும் என்னும் அச்சமோ பெரிது.

இவ்வைரஸின் மரபுப்பொருளை ஒரு புரதக்கூடு காக்கிறது. அக்கூட்டைச் சுற்றி மேலுறை ஒன்று உண்டு. எடின்பரோவில் பணியாற்றிய கென்னத் மர்ரியும் அவர்தம் குழுவினரும், வைரஸ் முழுவதையும் வளர்ப்பானேன், மரபணு போதாதா என்று எண்ணினர். வைரஸின் டி.என்.ஏ.வை நொதியால் நறுக்கி, பிளாஸ்மிட் எனும் வட்ட வடிவ டி.என்.ஏ.வில் இணைத்து, எஸ்செரிசியா கோலை பாக்டீரியாவினுள் செலுத்தினர். பாக்டீரியா தன் புரதங்களோடு வைரஸின் கூட்டுப் புரதத்தையும் ஆக்கித் தந்தது. நோயை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் அப்புரதத்தை இனங்கண்டு பற்றியதே அதற்குச் சான்றாயிற்று. இம்முடிவு 1979இல் வெளியாயிற்று.

வியப்பு அதனோடு நிற்கவில்லை. அப்புரத மூலக்கூறுகள் பாக்டீரியாவினுள் இரண்டிரண்டாய்ச் சேர்ந்து, எவரும் அடுக்காமலேயே உருண்டைக் கூடுகளாக அமைந்தன. பெரிய கூடு ஒன்றில் 240 மூலக்கூறுகள் உள்ளன. உள்ளே வைரஸின் மரபுப்பொருள் இல்லை; ஆகவே அது நோய் தராது. 1997இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இத்தகைய கூடுகளை உறையவைத்து மின்னணு நுண்ணோக்கியில் படம்பிடித்து, புரதச் சங்கிலி மடிந்திருக்கும் விதத்தைக் கண்டறிந்தனர்.

ஆயினும் பாக்டீரியா எல்லாப் புரதங்களையும் செம்மையாக ஆக்கவல்லதன்று. மேலுறைப் புரதம் கொழுப்புப் படலத்தில் பதிந்து மடிய வேண்டியது. பாக்டீரியாவில் அது சரிவர அமையவில்லை. அதற்கு ஈஸ்ட் கைகொடுத்தது. 1986இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற தடுப்பூசி அவ்வாறு உருவானதே. இதனைப் பாக்டீரியாவின் தோல்வி என்பது பொருந்தாது. எந்தப் புரதத்தை எந்த உயிரியிடம் ஒப்படைப்பது என்று தேர்வதிலேயே இத்துறையினரின் உழைப்பில் பெரும்பங்கு கழிகிறது.

கூட்டுப் புரதம் குருதிச் சோதனையிலும் பயன்படுகிறது. சோதனைத் தட்டின் குழிகளில் அதனைப் பூசி, ஒருவரது குருதிநீரை இடுவர். எதிர்ப்பொருள் இருப்பின் அது புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். தடுப்பூசியில் மேலுறைப் புரதம் மட்டுமே இருப்பதால், அதனைப் போட்டுக்கொண்டவரிடம் கூட்டிற்குரிய எதிர்ப்பொருள் தோன்றாது. வைரஸ் உடலுள் புகுந்தவரிடமே அது தோன்றும். நோய் தணிந்த பின்னும் நெடுங்காலம் நிலைத்திருக்கும். பல நாடுகளின் குருதி வங்கிகள் கொடையாளரின் குருதியில் இவ்வெதிர்ப்பொருளைத் தேடிப் பார்த்த பின்னரே அதனை ஏற்கின்றன.