விசை அளவுகளும் கிணற்று வடமும்

கிணற்றில் தூர் எடுக்கும்போது மண்கூடையும், சில வேளைகளில் ஆளும், ஒரே வடத்தை நம்பி இறங்க நேரிடுகிறது. எவ்வளவு இழுவிசையில் வடம் அறும் என்பதை விற்பனைச் சீட்டில் குறிப்பதுண்டு. அக்குறிப்பு கிலோகிராமிலோ, பவுண்டு என்னும் ராத்தலிலோ, நியூட்டனிலோ இருக்கலாம். எண்ணை மட்டும் நோக்கி வாங்குதல் ஆபத்தாகும்.

ஒரு கிலோகிராம் பொருளைப் பூமி இழுக்கும் விசை ஏறத்தாழ 9.8 நியூட்டன். ஆதலின் நியூட்டனை 9.8-ஆல் வகுத்தால் கிலோகிராம் எடை கிடைக்கும். பவுண்டை 0.4536-ஆல் பெருக்க வேண்டும். 1,000 நியூட்டன் ஒரு கிலோநியூட்டன். அது ஏறத்தாழ 102 கிலோகிராம் எடைக்கு ஈடாகும்.

மூன்று வடங்களில் 2,000 என்றே குறித்திருப்பதாகக் கொள்வோம். கிலோகிராம் குறித்தது 2,000 கிலோகிராமில் அறும். பவுண்டு குறித்தது 907 கிலோகிராமிலேயே அறும். நியூட்டன் குறித்ததோ 204 கிலோகிராமிலேயே அறும்.

ஆள் இறங்கும் வடத்தில், அது அறும் அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பாரம் ஏற்றலாகாது. அவ்வாறு கணக்கிடின், முதல் வடம் 200 கிலோகிராமும், இரண்டாவது 90 கிலோகிராமும் தாங்கும். மூன்றாவது 20 கிலோகிராமுக்கே உரியது. ஆளை இறக்க ஏற்றதன்று. நைந்த வடமும் முடிச்சிட்ட வடமும் இவ்வளவும் தாங்கா.

பயிற்சி: 15 கிலோநியூட்டனில் அறும் புது வடத்தில் எவ்வளவு பாரம் ஏற்றலாம்? 15 × 102 = 1,530; பத்தில் ஒரு பங்கு 153 கிலோகிராம்.

ஊராட்சிக்கு வடம் வாங்குவோர், பட்டியலில் எண்ணோடு அலகையும் தவறாது எழுதச் செய்க. இறங்குபவரின் உயிர் அச்சொல்லில் அடங்கியுள்ளது.