உறங்கிக் கிடந்த எழுத்துணரி

குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர், தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்தவர். அந்நூலின் பழைய பதிப்பொன்றை ஒளிவருடிக் கணினியில் சேர்த்துவிட்டால் போதுமா? போதாது. கணினிக்கு அது வெறும் படமே. அதில் ஒரு சொல்லையும் தேட இயலாது. படத்திலுள்ள எழுத்துகளை அடையாளங்கண்டு, தட்டச்சு செய்தாற்போல் மாற்றித் தருவது எழுத்துணரி என்னும் மென்பொருள்.

அத்தகையவற்றுள் ஒன்று டெசராக்ட். ஹியூலட் பேக்கார்டு நிறுவனத்தில் 1985 முதல் 1994 வரை உருவானது. 1995இல் நடந்த துல்லியச் சோதனையில் முதல் மூன்று இடங்களுள் ஒன்றைப் பெற்றது. ஆயினும் அதன்பின் பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. 2005இல் மூலநிரல் கட்டற்றதாக வெளியிடப்பட்டது; எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். கதவைத் திறந்து வைத்தால் மட்டும் வீடு துலங்கிவிடுமா? 2006 முதல் கூகுள் நிறுவனம் ஆதரவளித்தது. தொடக்கத்தில் அதனை உருவாக்கிய ரே ஸ்மித்தே அங்கும் தலைமையேற்றார். ஆங்கிலம் மட்டும் அறிந்த கருவி, தமிழ் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளைக் கற்றது. 2018இல் அவ்வாதரவும் நின்றது. இன்று தன்னார்வலர்களே பேணி வருகின்றனர்.

தமிழுக்கு எஞ்சிய பணி சிறிதன்று. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியன துதிக்கை போன்ற வளைவுடன் அச்சாயின. பழைய அச்சில் புள்ளி தேய்ந்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும்! இவற்றையெல்லாம் பக்கம் பக்கமாகக் காட்டிக் கருவியைப் பயிற்றுவிக்க வேண்டும். நிரலாளர்க்குத் தென்காசியில் பஞ்சமில்லை; மத்தளம்பாறையில் 2011 முதல் சோகோ நிறுவனம் இயங்கி வருகிறது. இப்பணிக்கென்றே ஊதியம் பெறுவோர் சிலரே வேண்டப்படுகின்றனர்.