கோட்டைக் கணக்கும் காதலும்

அன்பு மகளுக்கு,

உன் கடிதமும் நாவலின் முதல் அத்தியாயங்களும் வந்து சேர்ந்தன. கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சி காலூன்றிய நாட்களில் தாமிரபரணிக் கரையில் நடக்கும் ஒரு காதல் கதையை எழுதத் துணிந்திருக்கிறாய். அத்தியாயங்களைப் பற்றி எழுதுவதற்கு முன் உன் கேள்விக்கு வருகிறேன். பழங்காலக் காதல் கதை என்றாலே இலக்கியக் கூட்டங்களில் முகம் சுளிக்கிறார்கள், வாசகர்களோ விடாமல் படிக்கிறார்கள், இதில் யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறாய். வாசகரை நம்பு. அவர்கள் ஏன் விடாமல் படிக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு நம்பு.

இங்கிலாந்தில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநோயில் விழுந்ததால் 1811 முதல் 1820 வரை அவர் மகன் பதில் ஆளாக அரசாண்டான். ரீஜென்சி என்கிறார்களே, அது இந்த ஒன்பது ஆண்டுகள்தான். ஜேன் ஆஸ்டினின் நாவல்கள் அச்சேறியது இக்காலத்தில். 1817-இல் அவர் இறந்தார். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் பாளையங்கோட்டைக் கல்லூரி வகுப்புகளில் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் எலிசபெத்தும் டார்சியும் எப்போது மனம் விட்டுப் பேசுவார்கள் என்று நம் பெண்கள் தவிக்கிறார்கள். நடன அரங்கும் குதிரை வண்டியும் நமக்குப் பழக்கமில்லாதவை. பழக்கமானது வேறு. இந்தக் காதலுக்கு என்ன விலை, அதை யார் கொடுக்க வேண்டும் என்பதை அந்தக் கதைகள் மறைக்காமல் சொல்கின்றன. பெண் பார்க்கும் படலத்தில் ஒரு முறை உட்கார்ந்து எழுந்த பெண்ணுக்கு ஆஸ்டினை யாரும் விளக்க வேண்டியதில்லை.

'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யை மறுபடி எடுத்துப் பார். காதல் தொடங்குமுன் சொத்துக் கணக்கு வந்துவிடுகிறது. பெரிய வீடு மூத்த தாரத்து மகனுக்குப் போகிறது. தாயும் மூன்று பெண்களும் ஆண்டுக்கு ஐந்நூறு பவுனில் பிழைக்க வேண்டும். 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் டார்சியின் முகம் நமக்குச் சரியாகத் தெரிவதற்குள் அவன் வருமானம் ஆண்டுக்குப் பத்தாயிரம் என்று தெரிந்துவிடுகிறது. ஆஸ்டினுக்கு இந்தக் கணக்கு தன் குடும்பத்திலேயே கிடைத்தது. அவருடைய அத்தை ஃபிலடெல்பியா, வரதட்சணைக்கு வழியில்லாத பெண், மாப்பிள்ளை தேடி 1752-இல் சென்னைப் பட்டினத்துக்குக் கப்பலேறி வந்தவர். மறு ஆண்டே கடலூரில் கும்பினி மருத்துவர் ஒருவருக்குக் கழுத்தை நீட்டினார். ஆஸ்டின் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பே அவர் வீட்டுக் கல்யாணம் ஒன்று நம் தமிழ்க் கரையில் நடந்திருக்கிறது.

'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' கதையை நம் மண்ணுக்குக் கொண்டுவந்தவர்களில் ராஜீவ் மேனனிடம் நீ படிக்க வேண்டிய பாடம் உண்டு. 2000-இல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தைப் பாட்டுக்காகப் பலமுறை பார்த்திருப்பாய். ஒருமுறை கணக்குக்காகப் பார். கதை செட்டிநாட்டு வீட்டில் தொடங்குகிறது. தாத்தாவின் உயில் வீட்டை மகனுக்குக் கொடுத்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 1989-லேயே மணமாகாத மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்து சட்டம் வந்துவிட்டது. ஆகவே ஆஸ்டினின் சொத்துரிமை விதியை அப்படியே வைத்தால் இங்கே செல்லாது. காதலித்துப் போன மகள் மேல் தாத்தாவுக்கு இருந்த கோபத்தை உயிலில் ஏற்றினார்கள், கதை நின்றது. ஆஸ்டினின் விலோபி கடனில் மூழ்கிப் பணக்காரப் பெண்ணை மணக்கிறான். அப்பாஸ் நடித்த ஸ்ரீகாந்த் நிதி நிறுவனம் நடத்தி, அது திவாலாகி, அமைச்சர் மகளை மணக்கச் சம்மதிக்கிறான். தொண்ணூறுகளில் நிதி நிறுவனங்களில் சேமிப்பைப் போட்டு இழந்த குடும்பங்கள் எத்தனையோ அந்தத் திரையரங்குகளில் உட்கார்ந்திருந்தன. கிழக்கிந்தியாவில் படை நடத்திய கர்னல் பிராண்டன் இங்கே இலங்கைக்குப் போன அமைதிப்படையில் காலை இழந்த ராணுவ அதிகாரி பாலாவாக, மம்மூட்டியாக வந்தார். தபுவின் சௌமியாவை ராசியில்லாதவள் என்று ஊர் ஒதுக்குகிறது. அந்த வலி எந்த ஆங்கில நாவலிலும் இல்லை, நம் தெருவில் இருக்கிறது. உடையையும் ஊரையும் மாற்றுவது எளிது. விலையை நம்முடைய நாணயத்தில் மறுபடி கணக்குப் பார்த்ததால்தான் அந்தப் படம் இன்னும் ஓடுகிறது.

இனி உன் நாவல். உன் நாயகனைப் பெரிய பண்ணையார் என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு பெரியவர்? நம் பள்ளத்தாக்கில் ஒருவருடைய செல்வத்தைக் கோட்டை என்ற நெல் அளவில் சொல்வார்கள். இத்தனை கோட்டை விதைப்பாடு நிலம், கார் அறுவடையில் இத்தனை கோட்டை நெல், பிசானத்தில் இத்தனை. டார்சியின் பத்தாயிரத்துக்கு ஈடான சொல் உன் பாட்டி வாயிலேயே இருக்கிறது. அதை முதல் அத்தியாயத்தில் யாராவது ஓர் அத்தை சொல்லட்டும். கார் பொய்த்த ஆண்டில் கல்யாணப் பேச்சு எப்படித் தள்ளிப்போகும், கால்வாயின் கடைமடை நிலத்துக்காரன் மகளுக்குத் தலைமடைக்காரன் வீட்டில் என்ன மதிப்பு என்று நினைத்துப் பார். ஜார்ஜெட் ஹேயர் 1935-இல் 'ரீஜென்சி பக்' எழுதிய நாளிலிருந்து இந்த வகைக் கதைகளுக்கு ஒரு தனி அலமாரியே உண்டாயிற்று. அவர் அக்காலத்து உடை, விலைவாசி, பேச்சுவழக்கு எல்லாவற்றையும் குறிப்பேடுகளில் சேர்த்து வைத்து எழுதினார். நீயும் கோட்டை, மரக்கால், வண்டிக்கூலி, சத்திரத்துச் சாப்பாடு என்று ஒரு நோட்டுப் போடு.

அந்தக் காலத்து ஊரையும் தெரிந்துகொள். கால்டுவெல் 1881-இல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றையும், ஸ்டூவர்ட்டின் 1879 மாவட்டக் கையேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள். கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799 அக்டோபரில். 1801-இல் கர்நாடக நவாபின் ஆட்சி முழுவதும் கும்பினிக்குப் போயிற்று. இங்கிலாந்தில் இளவரசன் பதில் ஆட்சிக்கு வந்த அதே 1811-இல் இங்கே திருநெல்வேலிச் சீமையை ஒரு கொள்ளைக் காய்ச்சல் வாட்டிக்கொண்டிருந்தது. 1809-இல் மதுரை, கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கங்களையும் சேர்த்துப் பிடித்த காய்ச்சல் அது. 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யின் மரியான் மழையில் நனைந்து காய்ச்சலில் படுப்பாள். உன் நாயகியின் ஊரில் தெருவே படுத்திருந்தது. அந்த ஆண்டில் கதையை வைத்துக்கொண்டு காய்ச்சலே வராமல் எழுதியிருக்கிறாய்.

நடன விருந்துக் காட்சி இல்லாமல் ரீஜென்சிக் கதை இல்லை, நம் ஊரில் அதற்கு எங்கே போவேன் என்றும் கேட்டிருக்கிறாய். 1801 பிப்ரவரி 2 அன்று பாளையங்கோட்டையில், மேஜர் மெக்காலேயின் தோட்ட வீட்டில், வெள்ளைக்காரர்கள் ஏறக்குறைய இருபது பேர் விருந்துக்குக் கூடியிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் கூட்டாளிகளும் கோட்டைச் சிறையை உடைத்துப் பாஞ்சாலங்குறிச்சிக்குப் பறந்தார்கள். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற படை அதிகாரி இதை எழுதி வைத்திருக்கிறார். மேசையைச் சுற்றி இருந்தவர்களைப் பற்றி அவர் எழுதினார். தட்டு எடுத்து வந்தவர்கள், பங்கா இழுத்தவர், வாசலில் பல்லக்கோடு காத்திருந்தவர்கள் பற்றி எழுத ஆளில்லை. அவர்களில் ஒருவருக்குச் சிறைக்குள் நடக்கப்போவது முன்பே தெரியும் என்று வைத்துக்கொள். உனக்கு வேண்டிய விருந்துக் காட்சி அதுதான்.

நம் ஊரில் இந்தப் பாதையில் முதலில் நடந்தவர் ஒருவர் இருக்கிறார். ஸ்ரீவைகுண்டம் பக்கம் பெருங்குளத்தில் 1872-இல் பிறந்த அ. மாதவையா. உப்பு இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டே 'பத்மாவதி சரித்திரம்', 'முத்துமீனாட்சி' ஆகிய நாவல்களைத் தமிழிலும், வேறு சிலவற்றை ஆங்கிலத்திலும் எழுதினார். 1915-இல் வந்த அவருடைய 'கிளாரிந்தா' ஆங்கில வரலாற்று நாவல். அதை நீ எழுத்தெண்ணிப் படிக்க வேண்டும். கதாநாயகி பாளையங்கோட்டையில் வாழ்ந்த பெண். தஞ்சையைச் சேர்ந்த மராட்டிய பிராமண விதவை. உடன்கட்டையிலிருந்து அவரை லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரி காப்பாற்றினார் என்பது வழிவழியாக வந்த கதை. இருவரும் மணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்ந்ததால் ஸ்வார்ட்ஸ் பாதிரியார் அவருக்கு ஞானஸ்நானம் தர மறுத்தார். லிட்டில்டன் இறந்த பிறகு 1778-இல்தான் கொடுத்தார். 1780-இல் எழுதிய சபைப் பதிவேட்டில் நாற்பது பேர். முதல் பெயர் கிளாரிந்தா. 1785-இல் அவர் எழுப்பிய சிறு கோயிலைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று நம் ஊரில் இன்றும் சொல்கிறோம்.

ஆஸ்டின் குழந்தையாக இருந்த காலத்தில், நாம் தினமும் நடக்கிற தெருவில் இப்படி ஒரு காதல் நடந்திருக்கிறது. அதற்கான விலையை அந்தப் பெண்ணே கொடுத்தார். பிறந்த சாதி ஒதுக்கியது, சேர நினைத்த சபை காக்க வைத்தது. மாதவையா கிறிஸ்தவர் அல்ல. இருந்தும் அந்தப் பெண்ணைக் கூசாமல் மதித்து எழுதினார். அவரிடம் இதைக் கற்றுக்கொள். இன்னொன்றிலும் கவனமாக இரு. சிதையிலிருந்து தூக்கிக் காப்பாற்றும் வெள்ளை அதிகாரி என்ற உருவம் எழுதுகிறவரை மயக்கிவிடும். இந்தக் கதையின் பெரிய பகுதி அவன் இறந்த பிறகு தொடங்குகிறது. தனியாக நின்று ஒரு சபையையே கட்டினாளே, அந்தப் பெண்ணை உன் நாயகிகளுக்கு முன்னோடியாக வை.

காலத்தை அழகாக்கு, ஆனால் பொய் சொல்லாதே. 2022-இல் வந்த 'பிரிட்ஜர்டன்' இரண்டாம் பருவத்தில் இந்தியாவிலிருந்து வந்த சகோதரிகளாகச் சிமோன் ஆஷ்லியும் சரித்ரா சந்திரனும் நடித்தார்கள். இருவரும் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். லண்டன் மாளிகையில் நின்று நாயகி அப்பா என்று சொன்னபோது நம் பெண்களுக்கு வந்த பூரிப்பு நியாயமானது. எனக்கும் வந்தது. ஆனால் அவர்கள் கிளம்பி வந்த நாட்டில் அப்போது கும்பினி என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அந்தத் தொடர் ஏறக்குறைய தொடவே இல்லை. நீ திருநெல்வேலியில் உட்கார்ந்து எழுதுகிறாய். வயலில் நாற்று நட்டவர் யார், அவருக்குக் கூலி என்ன, உன் நாயகியின் வீட்டு வாசல் வரை வர யாருக்கு அனுமதி இல்லை என்பதை விட்டுவிட்டு எழுத உனக்கு உரிமை கிடையாது. காதலின் விலையைச் சொல்கிறவள் வீட்டின் விலையையும் சொல்ல வேண்டும்.

நாயகியின் வயதையும் யோசி. அக்கிரகாரத்திலும் அதையொட்டிய தெருக்களிலும் அன்று பெண்களுக்குச் சிறு வயதிலேயே கல்யாணம் முடிந்துவிடும். இருபது வயதுக் கன்னி நடன அரங்கில் துணை தேடுவது அங்கே நடக்காது. மாதவையா இதை எதிர்கொண்டார். 'பத்மாவதி சரித்திர'த்தில் கல்யாணம் முன்பே நடந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அறிகிறார்கள், சந்தேகப்படுகிறார்கள், மீள்கிறார்கள். கல்யாணத்துக்குப் பின் வரும் காதல் நம் மண்ணின் பெரிய வளம். முறைமாப்பிள்ளை மேல் கோபம், மயினியின் தூது, கொடை விழாவில் ஒரு பார்வை என்று உனக்கு வேறு வழிகளும் உண்டு.

உன் நான்காம் அத்தியாயத்தில் நாயகி காதல் கடிதம் எழுதுகிறாள். 1811-இல் அவளுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தது யார்? ஆஸ்டின் காலத்து ஒழுக்கப்படி, நிச்சயமாகாத பெண் ஓர் ஆணுக்குக் கடிதம் எழுதக் கூடாது. அதனால்தான் மரியான் விலோபிக்கு எழுதுவதைப் பார்த்ததும் அக்காள் எலினார் நிச்சயமாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறாள். ஒரு விதி, அதிலிருந்து ஒரு பெரிய தவறு, அதிலிருந்து பாதிக் கதை. நம் நாயகிக்கு எழுதத் தெரியாது என்றால் ஓலையை இன்னொருவர் எழுத வேண்டும், வாசித்துச் சொல்லவும் ஆள் வேண்டும். இரகசியத்தில் மூன்றாவது ஆள் வந்துவிட்டார். அவர் யார் என்று நீ முடிவு செய்தாலே நான்காம் அத்தியாயம் உயிர் பெற்றுவிடும்.

பேச்சில் சென்னைத் தொலைக்காட்சித் தமிழ் எட்டிப் பார்க்கிறது. தாமிரபரணிக் கரைக்காரி கோபத்தில் 'ஏல' என்பாள், தோழியை 'ஏட்டி' என்பாள், பெரியவரிடம் குரலைத் தாழ்த்திப் பாதியில் நிறுத்திவிடுவாள். அந்த நிறுத்தத்தை எழுது. ஆசையை முழுதாகச் சொல்லிவிட்டால் வாசகருக்கு வேலை இல்லை. ஆஸ்டினின் 'பெர்சுவேஷ'னில் எட்டு ஆண்டுகள் காதலை அடக்கி வைத்த ஒருவன், காதலித்தவள் அதே அறையில் வேறொருவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே தன் மனதை எழுதி முடிக்கிறான். அந்த ஒரு கடிதத்துக்காக நாவல் முழுவதையும் திரும்பத் திரும்பப் படிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

திரும்பப் படிப்பவர்களை நினைத்து எழுது. 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த 'பொன்னியின் செல்வ'னை வாரவாரம் கிழித்தெடுத்துப் பைண்டு செய்து பீரோவில் வைத்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள். 2022-இலும் 2023-இலும் மணிரத்னத்தின் படங்கள் வந்தபோது வந்தியத்தேவன் இப்படிப் பேசுவானா, குந்தவை இப்படிப் பார்ப்பாளா என்று உரிமையோடு சண்டை போட்டவர்களும் அவர்களே. லெண்டிங் லைப்ரரிகளில் ரமணிசந்திரனை அட்டை கிழியும் வரை கைமாற்றிப் படித்தவர்களை யாராவது குறைத்துப் பேசினால் அந்தப் பேச்சில் சேராதே. முடிவு தெரிந்தும் திரும்ப வருகிறவர், அந்த முடிவை நீ எப்படிச் சம்பாதித்தாய் என்று பார்க்கவே வருகிறார். அவ்வளவு கூர்மையான வாசகர் வேறு யாருக்கும் வாய்ப்பதில்லை.

ஆகவே கடைசியில் அவர்களைச் சேர்த்து வை. சோகமாக முடித்தால்தான் இலக்கியம் என்று சொல்பவர்களுக்காக உன் நாயகியைக் கொல்லாதே. அவள் எதை இழந்து இதைப் பெற்றாள் என்ற கணக்கு மட்டும் பக்கத்தில் தெளிவாக இருக்கட்டும். முதலில் கோட்டைக் கணக்கை எழுது, பிறகு காய்ச்சலை, பிறகு ஓலை வாசிக்கிறவரை. இந்த மூன்றும் ஆன பிறகு நான்காம் அத்தியாயத்தைத் திருத்தி அனுப்பு. உடனே படித்து எழுதுகிறேன்.

மிகுந்த அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து உன் பழைய ஆசிரியை