பால் சுண்டிய பிறகு அவலைப் போடுங்கள்

அவல் பாயசத்தைப் பற்றி வரும் புகார்கள் பெரும்பாலும் மூன்று: கூழாகக் குழைந்துவிட்டது, பால் திரிந்துவிட்டது, ஆறியதும் களியாக இறுகிவிட்டது. என் சமையலறை அனுபவத்தில் இந்த மூன்றும் ஒரே தவறான எண்ணத்தில் இருந்து பிறக்கின்றன. அவலை நாம் அரிசியாக நினைத்துச் சமைக்கிறோம். அது ஏற்கெனவே சூடு கண்ட பண்டம். நெல்லை ஊறவைத்து, நீரை வடித்து, நன்றாக வறுத்து, சூடு ஆறுவதற்குள் உரலில் இடித்துத் தட்டையாக்குவதுதான் பழைய முறை. இன்று இடிக்கும் வேலையை ஆலை இயந்திரம் செய்கிறது. ஊறிய ஈரமும் வறுக்கும் சூடும் சேரும்போதே உள்ளிருக்கும் மாவுச்சத்து பெருமளவு வெந்துவிடுகிறது. தட்டையாகிவிட்டதால் நீர் உள்ளே இறங்கவும் நேரம் பிடிப்பதில்லை. குசேலர் முடிந்து கொண்டுபோன அவலைக் கண்ணன் அடுப்பில் ஏற்றாமலே அள்ளி வாயில் போட்டுக்கொள்ள முடிந்ததற்கும் இதுதான் காரணம்.

வெந்த பண்டத்தை மறுபடி வேகவைக்க வேண்டியதில்லை, ஊறவைத்தால் போதும் என்று ஒப்புக்கொண்டால், செய்முறையின் வரிசையே மாறிவிடும். முதலில் பால், பிறகு அவல், கடைசியில் இனிப்பு. அரை லிட்டர் பாலுக்கு அரை கப் கெட்டி அவல் சரியான அளவு. அவலைச் சலித்து, உமியும் தூசும் நீக்கி, ஒரு தேக்கரண்டி நெய்யில் சிறு தீயில் மொறுமொறுப்பாகும்வரை வறுக்க வேண்டும். நிறம் சிவக்க வேண்டாம். இந்த வறுவல் மணத்துக்காக மட்டும் அல்ல. ஈரம் வற்றி, நெய் பூசிய அவல் பாலில் சட்டென்று கரையாமல் இதழ் இதழாக நிற்கும். பாலைத் தனியாகக் கொதிக்கவிட்டு, பத்து நிமிடம் சிறு தீயில் கிளறிச் சற்றே சுண்டவைத்த பிறகு அவலைச் சேர்த்தால், கெட்டி வெள்ளை அவலுக்கு நாலைந்து நிமிடம் போதும். சிவப்பு அவலில் தவிட்டுப் படலம் இருப்பதால் அதற்குக் கிட்டத்தட்ட இரட்டிப்பு நேரம் ஆகும். மெல்லிசு அவல் ஓரிரு நிமிடத்திலேயே குழைந்துவிடும். அதைப் பாயசத்துக்கு எடுக்காமல் மிக்சருக்கு விட்டுவிடுவது நல்லது. கடிகாரத்தைவிட விரலை நம்பலாம்: ஓர் இதழை எடுத்து நசுக்கினால் நடுவில் கடினம் தட்டக்கூடாது, வடிவமும் சிதைந்திருக்கக்கூடாது.

இனிப்பு ஏன் கடைசியில்? சர்க்கரையோ வெல்லமோ பாலில் கரைந்துவிட்டால் அது நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அவல் மெத்தென்று ஆவது தாமதமாகும். வெல்லத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதில் இயல்பாகவே சிறிது புளிப்பு இருக்கிறது. புளிப்பும் கொதிசூடும் சேர்ந்தால் பாலின் புரதம் பிரிந்து திரியும். ஆகவே வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி ஆறவைத்து, அடுப்பை அணைத்துப் பாலின் சூடும் தணிந்த பிறகு ஊற்ற வேண்டும். சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் திரியாது என்பவர்கள் உண்டு. அது புளிப்பை முறிப்பது உண்மைதான். ஆனால் கை சற்றுக் கூடினாலும் பாயசத்தில் சோடாவின் ருசி ஏறிவிடும். பொறுத்திருக்க நேரம் இல்லாவிட்டால் சர்க்கரை போடுங்கள். அதனால் பால் திரியாது. கேரளத்து முறையில் வெல்லமும் தேங்காய்ப்பாலும் விரும்புகிறவர்கள், இரண்டாம் பாலில் அவலை வேகவிட்டு வெல்லம் சேர்த்து, முதல் பாலை இறக்கும்போது ஊற்றிக் கொதிக்கவிடாமல் எடுத்துவிட வேண்டும்.

‘நின்று நிதானமாகச் சுண்டினால்தானே பாயசத்துக்கு ருசி? அம்பலப்புழைக் கோயில் பால் பாயசத்தை மணிக்கணக்கில் காய்ச்சுகிறார்களே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே பானையில் விழுவது அரிசி. அது வேகவும், அதன் மாவு பாலில் இறங்கவும் நேரம் வேண்டும். அந்த ருசியில் பெரும்பங்கு பால் சுண்டுவதால் வருவது. அதே ருசி அவல் பாயசத்தில் வேண்டுமானால் அவலைச் சேர்ப்பதற்கு முன்பே பாலை எவ்வளவு நேரமும் சுண்டவிடலாம், தடையில்லை. அவலைப் போட்ட பிறகு கூட்டும் ஒவ்வொரு நிமிடமும் பாயசத்தைக் கூழாக்குமே தவிர ருசி சேர்க்காது. கண்டென்ஸ்டு மில்க் குறுக்கு வழிதான், குற்றமில்லை. அதிலேயே சர்க்கரை நிறைய இருப்பதால் தனி இனிப்பைக் குறைக்க மறக்கக்கூடாது.

இறக்கிய பிறகும் அவல் பாலைக் குடித்துக்கொண்டே இருக்கும். எனவே அடுப்பில் பார்க்கும்போது ‘கொஞ்சம் நீர்த்திருக்கிறதே’ என்று தோன்றும் பதமே பரிமாறும்போது சரியாக இருக்கும். ஒரு தம்ளர் பாலைக் காய்ச்சி ஒதுக்கி வைத்தால் இறுகியதைத் தளர்த்திக்கொள்ளலாம். ஏலக்காய்ப் பொடியும் நெய்யில் வறுத்த முந்திரி, திராட்சையும் கடைசியில் சேரட்டும். கிருஷ்ண ஜயந்தி போன்ற நாட்களில் வறுத்த அவலையும் வடிகட்டிய வெல்லப்பாகையும் காலையிலேயே தயாராக வைத்துக்கொண்டு, நைவேத்தியத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது பாலை அடுப்பில் ஏற்றுங்கள். அதற்கு முன்னால் செய்து மூடி வைக்க வேண்டாம்.