புதுச் சைக்கிளின் முதல் மாதம்: பழுதுகளைக் கண்டுபிடிக்கவும் திருத்தவும் முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏற்ற இறக்கம் என்று சொல்ல ஒன்றுமில்லை. சுண்ணாம்புக்கல் தரை பருத்தித்துறையிலிருந்து பண்ணை வரை ஏறத்தாழ மட்டமாகவே கிடக்கிறது. வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வரக் கியர் இல்லாத சாதாரணச் சைக்கிளே போதும். 1990இல் போர் மீண்டும் மூண்டு, பொருளாதாரத் தடையால் பெற்றோல் நின்றபோது ஊரே சைக்கிளில்தான் ஓடியது. 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது பலர் மறுபடியும் சைக்கிள் வாங்கினார்கள். அவர்களில் நிறையப் பேருக்கு அதுதான் முதல் புதுச் சைக்கிள்.

புதுசு என்பதால் பழுது வராது என்று நம்பிவிடாதீர்கள். சைக்கிள் கடைக்கு முழுதாக வருவதில்லை. பெரும்பாலும் பாதி பூட்டிய நிலையில் பெட்டியில் வருகிறது. சில்லு, ஹான்டில், பெடல், பிறேக் எல்லாம் கடையில்தான் பூட்டப்படுகின்றன. முதல் மாதத்தில் வரும் பழுதுகளில் பெரும்பங்கு அந்த அவசரப் பூட்டலில் பிறந்தவை. அவற்றை உடனே கண்டுபிடித்தால் ஒரு ஸ்பனரோடு வேலை முடியும். கண்டும் காணாமல் ஓடினால் கடைக்காரரின் பிழை உங்கள் பிழையாக மாறிவிடும்.

கடையை விட்டு வெளியேற முன்

பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். திகதி, விலை, சட்டக எண் மூன்றும் அதில் இருக்க வேண்டும். சட்டக எண் பெடல் அச்சு ஓடும் குழாயின் அடியிலோ, சீற்றுக்குக் கீழுள்ள குழாயிலோ பொறிக்கப்பட்டிருக்கும். குனிந்து பார்த்து ஒப்பிடுங்கள். உத்தரவாத அட்டை தந்தால் கடையின் முத்திரையும் திகதியும் வேண்டும்.

பிறகு சைக்கிளைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன் போர்க்கின் வளைவு முன்னோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் பூட்டினால் சில்லு பெடலுக்கு அண்மையாக வந்து, திரும்பும்போது கால்விரல் சில்லில் இடிக்கும்.

முதல் நாள் இறுக்கம் பார்த்தல்

முன் சில்லை இரண்டு முழங்காலுக்கும் இடையே பிடித்துக்கொண்டு ஹான்டிலைத் திருகுங்கள். சில்லு அசையாமல் ஹான்டில் மட்டும் திரும்பினால் நடு போல்ட் இறுகவில்லை. ஹான்டில் தண்டிலும் சீற் தண்டிலும் ஓர் எல்லைக்கோடு கீறியிருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரியுமளவுக்கு உயர்த்தக் கூடாது.

பிறேக்கை முழுப் பலத்தோடு பிடியுங்கள். பிடி ஹான்டிலைத் தொட்டால் கம்பி தளர்வு. பிறேக் கட்டை றிம்மில் மட்டும் படுகிறதா என்று கண்ணை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். கட்டையின் மேல்விளிம்பு ரயரில் உரசினால் ரயரின் பக்கச்சுவர் சீக்கிரமே அறுந்து ரியூப் வெளியே பிதுங்கும். அதற்கு ஒரு நட்டைத் தளர்த்திக் கட்டையைக் கொஞ்சம் கீழே இறக்கினால் போதும்.

இடது பெடல்

புதுச் சைக்கிளில் அதிகம் பாழாவது இந்த இடம். வலது பெடலின் புரி வழமையானது. இடது பெடலின் புரி எதிர்த்திசை. இது தெரியாதவர்கள் இறுக்குவதாக நினைத்துக் கழற்றிவிடுகிறார்கள். நினைவில் வைக்க ஒரு வழி உண்டு: ஸ்பனரின் பிடி மேலே நிற்கும்போது அதைச் சைக்கிளின் முன்பக்கம் தள்ளினால் இரண்டு பெடல்களும் இறுகும், பின்பக்கம் இழுத்தால் இரண்டும் கழலும்.

பெடலை எப்போதும் முதலில் விரலால் சில சுற்றுகள் ஏற்றுங்கள். விரலுக்கு இசையாமல் சாய்வாக நின்றால் புரி மாறிப் பிடித்திருக்கிறது. கழற்றி மறுபடி தொடங்குங்கள். தளர்ந்த பெடலோடு ஓடினால் கிராங்கில் உள்ள புரி தேய்ந்து போகும். அதற்குப் பிறகு எந்த ஸ்பனராலும் பயனில்லை, கிராங்கையே மாற்ற வேண்டும். கடையில் கேட்டால், "தளர்ந்ததோட ஓடியிருக்கிறியள்" என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கும்.

இரண்டு கிராங்கையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டியும் பாருங்கள். ஒன்று மட்டும் ஆடினால் அதைப் பிடித்திருக்கும் பின் அல்லது போல்ட் தளர்வு. இரண்டும் சேர்ந்து ஆடினால் உள்ளே குண்டுகள் ஓடும் இடம் சரியாகப் பூட்டப்படவில்லை. அதைக் கடையே திருத்தித் தர வேண்டும்.

சில்லு நெளிவு

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சில்லைச் சுழற்றுங்கள். றிம்முக்கும் பிறேக் கட்டைக்கும் இடையிலுள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் நெளிவு இருக்கிறது. கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அமுக்கிப் பாருங்கள், தளர்ந்தது கையிலேயே தெரியும். ஆனால் அதை நீங்கள் முறுக்கப் போக வேண்டாம். ஒரு கம்பியை இறுக்கினால் றிம் பக்கவாட்டிலும் நகரும், உள்ளேயும் இழுபடும். பழகிய கை வேண்டும். புதுக் கம்பிகள் ஓட ஓடத்தான் இடம் பிடிக்கும் என்பதால் முதல் மாத முடிவில் இரண்டு சில்லையும் ஒருமுறை திருத்துநரிடம் காட்டுவது நல்லது.

காற்று அடிக்கடி போனால்

ரயரின் பக்கத்தில் எவ்வளவு காற்று வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். அடித்த காற்று ஒரே இரவில் போனால் முதலில் வால்வைச் சந்தேகப்படுங்கள். பழைய வகை வால்வுகளில் உள்ள சின்ன இறப்பர்க் குழாய் காய்ந்து வெடித்திருக்கலாம். மாற்ற மிகக் குறைந்த செலவு.

ஒட்டுப் போடும்போது ஓட்டை எந்தப் பக்கம் என்று கட்டாயம் பாருங்கள். வெளிப்பக்கம் என்றால் நெருஞ்சி முள், ஆணி, கண்ணாடித் துண்டு. உட்பக்கம், அதாவது றிம்மைப் பார்த்த பக்கம் என்றால் காரணம் சைக்கிளுக்குள்ளேயே இருக்கிறது: கம்பித் தலைகளை மூடும் பட்டி விலகியிருக்கும், அல்லது ஒரு கம்பி துருத்திக்கொண்டிருக்கும். பட்டியைச் சரிசெய்யாமல் எத்தனை ஒட்டுப் போட்டாலும் மறுநாள் அதே கதைதான்.

சத்தம்

மிதிக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை "டக்" என்றால் பெடல் அல்லது கிராங். மிதிப்பதை நிறுத்திய பின்பும் சில்லோடு சேர்ந்து வந்தால் கம்பி அல்லது மட்காட். செயின் சரசரத்தால் நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள். அரை அங்குலம் அளவு அசைவு போதும்.

உப்புக்காற்றும் மாரியும்

பண்ணைப் பாலத்தாலோ பொன்னாலைப் பாலத்தாலோ தினமும் போய்வருபவர்களின் சைக்கிள் சோளகக் காலத்தில் உப்பிலேயே குளிக்கிறது. குரோம் பூசிய றிம்மில் சில வாரங்களிலேயே துருப்புள்ளி வந்தால் உற்பத்திக் குறை என்று முடிவுகட்ட வேண்டாம். நல்ல தண்ணீரில் துடைத்து, ஈரம் காய்ந்தபின் செயினுக்கு மெசின் ஒயில் விட்டு, மேலே வழிவதைத் துணியால் துடையுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது பிசினாகித் தூசியைப் பிடிக்கும். றிம்மில் எண்ணெய் படவே கூடாது. மாரியில் இரும்பு றிம் நனைந்தால் பிறேக் பிடிப்பு வெகுவாகக் குறையும். இரும்பு றிம் உள்ள எந்தச் சைக்கிளுக்கும் அது பொது. தூரத்திலிருந்தே பிடிக்கப் பழகுங்கள்.

கடைக்குத் திருப்ப வேண்டியவை

சட்டகத்தின் ஒட்டு இணைப்பில் வெடிப்பு, வளைந்த போர்க், எவ்வளவு திருத்தியும் நேராகாத றிம், புரி தேய்ந்த நிலையில் வந்த கிராங்: இவற்றை வெளியே திருத்தக் கொடுக்காதீர்கள். ஓடுவதை நிறுத்துங்கள். படமெடுங்கள். பற்றுச்சீட்டோடு சைக்கிளைக் கொண்டுபோய்க் காட்டி, என்ன செய்து தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அவர்கள் கைவிரித்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அதற்கு இடமளிக்கிறது, ஆனால் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும். தொலைபேசியில் விசாரிக்க 1977. "நாளைக்கு வாங்கோ, அடுத்த கிழமை பாப்பம்" என்ற பேச்சில் அந்த மூன்று மாதம் கரைந்துவிடுவதுதான் வழக்கம். ஆகவே முதல் முறை திருப்பியனுப்பப்பட்ட அன்றே கடிதத்தை எழுதி, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

முறைப்பாடு முடியும்வரை அந்தச் சைக்கிளைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். காலை நேரப் பலாலி வீதியில் பஸ்ஸுக்கும் லொறிக்கும் நடுவே போர்க் முறிந்தால் திருத்த எதுவும் மிஞ்சாது.