ரசீது யார் பேரில்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. நேற்று ராத்திரி உன் அம்மா போன் பண்ணினாள். பேண்டுக்குச் சாமான் வாங்க வளையலை அடகு வைக்கக் கேட்டாயாம். "பிள்ளை ஆசைப்படுறா, என்ன பண்ண?" என்றவள், உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். அவள் இப்படிப் பேச்சை மாற்றினால் என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அம்மாச்சி தன் கையிலிருந்து கழற்றிப் போட்ட வளையல் அது.

நீ பேண்டில் வாசிப்பது எனக்குச் சந்தோஷம்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். புரசைவாக்கத்துப் பெரியம்மா வீட்டு மொட்டைமாடியில் நாங்கள் போட்ட சத்தத்தைப் பற்றி உன் அம்மா சொல்லியிருப்பாள். வெளிநாட்டுக் கிட்டாருக்குச் சுங்க வரி எட்டாத உயரத்தில் இருந்த காலம். கல்கத்தா கிவ்சன்தான் எங்களுக்கு வாய்த்தது. கம்பியை அழுத்தி அழுத்தி விரல்நுனி காய்த்துப்போகும். மவுண்ட் ரோடு மியூசி மியூசிக்கலில் எல்லாவற்றையும் ஆசைதீரப் பார்த்துவிட்டு ஒரு செட் கம்பி மட்டும் வாங்கி வருவோம். 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' வாசிக்கக் கற்றதே கேசட்டை ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டித்தான். டேப் ரெக்கார்டர் கொஞ்சம் வேகமாக ஓடும். சுருதி சேரவே சேராது. மாடியில் எர்த் கிடையாது. கை கிட்டார் கம்பியில் இருக்கும்போது உதடு மைக்கில் பட்டால் சுளீரென்று ஷாக் அடிக்கும். மைக்கில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு பாடினேன். அப்படியொரு சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அந்த பேண்ட் ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. பாட்டு வராததாலோ படிப்பு கெட்டதாலோ அது உடையவில்லை. ஆம்ப்ளிஃபையரால் உடைந்தது. அதில் என் டியூஷன் காசு இருந்தது, டிரம்ஸ்காரன் சைக்கிளை விற்ற காசு இருந்தது. குறைந்ததை லீட் கிட்டார் வாசித்தவனின் அப்பா போட்டார். ரசீது அவர் பேரில். அன்றிலிருந்து எந்தப் பாட்டு, யார் பாடுவது, எத்தனை மணிக்குப் பிராக்டிஸ், எல்லாம் அவன் வைத்ததுதான் சட்டம். ஐ.ஐ.டி. மார்டி கிரா கலைவிழாவுக்கு (1996-ல் சாரங் என்று பேர் மாற்றினார்களே, அதுதான்) பேர் கொடுத்திருந்தோம். அந்த வாரம் ஒரு வாக்குவாதம். மறுநாள் காலையில் ஆம்ப்ளிஃபையரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். கேட்கப் போனால், அவன் அப்பா எங்களை உள்ளேகூடக் கூப்பிடாமல் வாசற்படியில் நின்று ரசீதை விரித்துக் காட்டினார். டிரம்ஸ்காரன் அந்த வருஷம் முழுக்க நடந்துதான் கல்லூரிக்கு வந்தான். இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை, பாப்பா. மன்னிக்கப் போவதும் இல்லை.

இப்போது நீ வளையல் பணத்தில் டிரம்ஸும் ஸ்பீக்கரும் வாங்கி, இடம் இருக்கிறது என்று பேண்டில் உன்னோடு வாசிக்கும் ஒரு பையன் வீட்டில் வைக்கப் போகிறாய். "எல்லாருக்கும் பொதுதானே" என்றாயாம். பில் யார் பேரில் போடுவார்கள்? ஒருத்தருக்கு வெளியூரில் வேலை கிடைத்தால் அவர் பங்கு என்ன ஆகும்? இதை எழுதி வைத்தீர்களா? கச்சேரி கிடைக்காத மாதத்திலும் அடகுக் கடையில் வட்டி ஏறும்.

ரகுமானுக்கு அவர் அம்மா நகையைக் கொடுக்கவில்லையா என்று வேறு கேட்டாயாம். கொடுத்தார். முழுக் கதையையும் கேள். 1976-ல் அப்பா ஆர்.கே. சேகர் இறந்த பிறகு, அவர் விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் தாக்குப்பிடித்தது. பள்ளிக்கூட வயதிலேயே ரெக்கார்டிங்குகளில் கீபோர்டு வாசித்துச் சம்பாதித்த பிள்ளை அவர். நெமிசிஸ் அவென்யூ என்று ராக் பேண்டும் வைத்திருந்தார். நகை அந்த பேண்டுக்குப் போகவில்லை. வீட்டிலேயே சொந்தமாக அமைத்த ஸ்டூடியோவுக்குப் போனது. 1992-ல் 'ரோஜா' வந்தபோது கருவிகள் அவருடையவை.

முடிவு உன்னுடையது, நான் குறுக்கே நிற்க மாட்டேன். வளையலை வைத்துத்தான் தீருவேன் என்றால் வை. ஆனால் டிரம்ஸ், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் வைத்து மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஜாம் ரூம்கள் இப்போது சென்னையிலேயே இருக்கின்றன. நாலு பேரும் வாடகையைப் பகிர்ந்துகொண்டு ஒரு வருஷம் வாசித்துப் பாருங்கள். அப்போதும் பேண்ட் நிலைத்திருந்தால் வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.

ரொம்பப் பேசிவிட்டேன் என்று கோபப்படாதே, கண்ணு. போன பொங்கலுக்கு நீ வாசித்ததை அத்தை இன்னும் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நம் வீட்டில் உன் அளவுக்குத் தாளம் சுத்தமான ஆள் யாரும் இல்லை, நான் உட்பட. முதல் மூன்று மாத ஜாம் ரூம் வாடகை என் பொறுப்பு. உன் கிட்டாருக்கு நல்ல கம்பி எது என்று எழுது, இரண்டு செட் வாங்கி அனுப்புகிறேன். கச்சேரி எந்த ஊரில் என்றாலும் நானும் அத்தையும் வருவோம். வேளாவேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமைக்குள் அம்மாவுக்குப் போன் பண்ணி, உன் முடிவை நீயே சொல்லிவிடு.

உன் பிரியமுள்ள,
மாமா