விட வேண்டியதை விடும் தெளிவு

பாண்டிய நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற திருத்தலங்கள் 14. அவற்றுள் ஒன்று, இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டைக்கு அருகே குண்டாற்றங்கரையில் விளங்கும் திருச்சுழியல். மக்கள் வழக்கில் இது திருச்சுழி. சுந்தரமூர்த்தி நாயனார் பதிகம் பாடிப் பரவிய இத்தலத்தில் இறைவன் திருமேனிநாதர் என்றும் பூமிநாதர் என்றும், அம்பிகை துணைமாலையம்மை என்றும் திருநாமம் கொண்டு அருள்புரிகின்றனர்.

ஊருக்குச் சுழியல் என்னும் பெயர் வந்த வரலாற்றைத் தலபுராணம் கூறுகிறது. முன்னொரு காலத்தில் ஊழிவெள்ளம் பெருகி நிலம் முழுவதையும் மூடியபோது, இறைவன் தம் சூலத்தால் தரையைத் துளைத்து வழி செய்தார். வெள்ளம் அனைத்தும் சுழித்து அத்துளையுள் இறங்கியது. மறைந்திருந்த நிலம் வெளிப்பட்டது என்பது அவ்வரலாறு. இறைவன் அங்கே புதியதொரு நிலத்தைப் படைக்கவில்லை. மூடியிருந்ததை வடியச் செய்தார். ஏற்கெனவே இருந்தது தெரிந்தது.

மனித உள்ளத்திற்கும் இவ்வரலாறு பொருந்தும். ஒருவர் தம் வாழ்நாளில் கொள்ளும் குறிக்கோள்கள் எத்தனை! படிப்பு, பதவி, வீடு, நிலம், பிள்ளைகளின் உயர்வு, ஊரார் மதிப்பு என அவை ஆண்டுதோறும் பெருகுகின்றன. புதிதாக ஒன்றை மேற்கொள்ளும் நாளில் பழையவற்றை எடுத்துப் பார்ப்பவர் சிலரே. பார்க்காமல் விட்டவை உள்ளத்தில் வெள்ளம் போல் தேங்கி, உண்மையில் எதற்காக வாழ்கிறோம் என்பதையே மூடி விடுகின்றன.

தெரிந்து மேற்கொள்ளுதல்

திருவள்ளுவர் முயற்சியைப் பெரிதும் போற்றியவர். ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை என அதற்கெனவே அதிகாரங்கள் வகுத்தார். ஆயினும் அவற்றிற்கு முன்னதாகவே 47ஆம் அதிகாரமாகத் தெரிந்துசெயல்வகையையும், அதனைத் தொடர்ந்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களையும் அமைத்திருக்கிறார். செய்யத் தக்கது எது, தன் வலிமை எவ்வளவு, காலம் ஏற்றதா, இடம் பொருந்தியதா என்னும் நான்கையும் ஆராய்ந்த பின்னரே ஊக்கமும் உழைப்பும் பயன் தரும் என்பது இந்த வரிசையால் விளங்குகிறது. அரசனுக்குக் கூறப்பட்ட முறையே என்றாலும், ஒரு குடும்பத்தை நடத்துபவருக்கும் இந்நான்கு கேள்விகளும் உரியவை.

இவற்றை ஒருமுறை கேட்டு விட்டால் போதுமா? போதாது. வலிமை ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. காலமும் இடமும் மாறுகின்றன. இருபது வயதில் தகுந்ததாக இருந்த ஒன்று, நாற்பது வயதில் தகாததாகி இருக்கலாம். ஆகவே குறிக்கோளைக் கொள்ளும்போது செய்த ஆராய்ச்சியை இடையிலும் செய்ய வேண்டும்.

திருச்சுழியில் பிறந்த இளைஞர்

இத்தெளிவுக்குத் திருச்சுழித் தலத்திலேயே ஒரு பெரிய சான்று உண்டு. 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், ஆருத்ரா தரிசனத் திருநாளின்போது, இவ்வூரில் வழக்குரைஞர் தொழில் புரிந்த சுந்தரமையருக்கும் அழகம்மையாருக்கும் ஓர் ஆண்மகவு பிறந்தது. வேங்கடராமன் என்னும் பெயருடைய அக்குழந்தையே பின்னாளில் பகவான் இரமண மகரிஷி என உலகம் போற்றிய ஞானி.

1892ஆம் ஆண்டு தந்தையார் மறைந்தார். குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. அழகம்மையார் இளைய குழந்தைகளுடன் மானாமதுரையில் தங்கினார். மூத்தவர் நாகசாமியும் வேங்கடராமனும் மதுரையில் சிறிய தந்தையார் சுப்பையர் இல்லத்தில் வளர்ந்து ஆங்கிலக் கல்வி பயின்றனர். தந்தையை இழந்த ஒரு குடும்பத்தில், படிக்கும் பிள்ளைகள் மீது எத்தகைய நம்பிக்கை வைக்கப்பட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அக்காலத்தில் ஆங்கிலக் கல்வி என்றால் உத்தியோகம். உத்தியோகம் என்றால் குடும்பத்தின் மீட்சி.

1896ஆம் ஆண்டு ஜூலை மாதம், 16 வயதில், வேங்கடராமனுக்கு மரண பயம் திடீரெனத் தோன்றியது. இறப்பது உடல்தானே, நான் யார் என்று உள்முகமாக விசாரித்து, அழியாத ஒன்று தம்முள் விளங்குவதை உணர்ந்தார். அதன் பின் பாடங்களில் மனம் செல்லவில்லை. நாள்தோறும் மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்குச் சென்று கண்ணீர் மல்க நின்றார். ஆயினும் பள்ளிக்குச் செல்வதும் தொடர்ந்தது. உள்ளம் ஒரு வழியிலும் அன்றாட வாழ்வு வேறு வழியிலுமாகச் சில வாரங்கள் கழிந்தன.

ஆகஸ்டு 29ஆம் நாள், பாடத்தைச் சரிவரப் படிக்காததற்குத் தண்டனையாக ஆங்கில இலக்கணப் பாடமொன்றை மூன்று முறை எழுத வேண்டியிருந்தது. இரண்டு முறை எழுதினார். மூன்றாம் முறை எழுத முற்பட்டபோது, இச்செயலின் பயனின்மை உள்ளத்தில் உறைத்தது. தாளை ஒதுக்கி வைத்துக் கண்மூடி அமர்ந்தார். அதனைக் கண்ட தமையனார், இப்படி இருப்பவனுக்குப் படிப்பும் வீடும் எதற்கு என்னும் பொருள்படக் கடிந்து கொண்டார். கடிந்து கூறிய அச்சொல் இளைஞரின் செவியில் உண்மையாக விழுந்தது. மனம் விட்டு விட்ட ஒன்றைக் கை மட்டும் பிடித்துக் கொண்டிருப்பது பொய் என்பதை அவர் கண்டார். அன்றே திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார்.

கணக்கு ஒப்படைத்த பின் புறப்படுதல்

அவர் புறப்பட்ட முறை அன்பர்கள் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. தமையனாரின் கல்லூரிக் கட்டணத்திற்காக 5 ரூபாய் அவர் வசம் வந்தது. நிலப்படத்தைப் பார்த்து, பயணத்திற்கு 3 ரூபாய் போதும் எனக் கணக்கிட்டு, அதை மட்டும் எடுத்துக் கொண்டார். எஞ்சிய 2 ரூபாயுடன் ஒரு கடிதமும் எழுதி வைத்தார். தந்தையைத் தேடி அவர் ஆணைப்படியே செல்வதாகவும், நற்செயலின் பொருட்டே செல்வதால் யாரும் வருந்தவோ தேடிப் பொருள் செலவிடவோ வேண்டாம் என்றும் அதில் குறித்தார். கல்லூரிக் கட்டணம் கட்டப்படவில்லை என்பதையும், 2 ரூபாய் உடன் வைக்கப்பட்டுள்ளது என்பதையும் எழுத மறக்கவில்லை. ‘நான்’ என்று தொடங்கிய அக்கடிதம் ‘இது’ என்று மாறி, கையொப்பமின்றி ஒரு கோட்டுடன் முடிந்தது.

வீட்டை விட்டு வெளிவர, பள்ளியில் சிறப்பு வகுப்பு உண்டு எனக் காரணம் கூறியதையும் அவர் வரலாறு மறைக்கவில்லை. ஆனால் எடுத்தது எவ்வளவு, வைத்தது எவ்வளவு, செய்யாமல் விட்டது எது என்பதில் ஒளிவு இல்லை. பெருந்துறவு மேற்கொண்ட வேளையிலும், பிறர் பொருளுக்குக் கணக்குச் சொல்லும் கடமை அவருக்கு நினைவில் இருந்தது.

வழியில் பணம் போதாமல் போகவே, கீழூரில் ஓர் அன்பரிடம் தம் காதணிகளை ஈடாக வைத்து 4 ரூபாய் பெற்றார். மீட்பதற்கான சீட்டை அப்பால் சென்றதும் கிழித்தெறிந்தார். செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையை அடைந்தார். மீளும் எண்ணம் இல்லாதவருக்கு மீட்புச்சீட்டு சுமையே அன்றோ?

தாயின் கண்ணீர்

ஒரு குறிக்கோளை விடும்போது, அதில் நம்பிக்கை வைத்திருந்த பிறருக்கும் வலி நேர்கிறது. இருக்குமிடம் தெரிந்து, 1898ஆம் ஆண்டின் இறுதியில் அழகம்மையார் மூத்த மகனுடன் திருவண்ணாமலைக்கு வந்தார். பவழக்குன்றில் சடைமுடியும் அழுக்கேறிய உடலுமாக அமர்ந்திருந்த மகனைக் கண்டு, வீடு திரும்புமாறு பல நாள் வேண்டினார், அழுதார். மகன் பேசவில்லை. அருகிலிருந்தோர் வற்புறுத்தியபோது, வினைப்பயனுக்கேற்ப இறைவன் ஆட்டுவிப்பதால் நடவாதது நடவாது, நடப்பது நில்லாது, ஆகவே அமைதியாக இருத்தலே நன்று என்னும் கருத்தை எழுதிக் காட்டினார். அன்னையார் வெறுங்கையோடு திரும்பினார்.

இக்காட்சியை எளிதாகக் கடந்து விடலாகாது. மகனை அழைத்துச் சென்று வீட்டில் வாழ வைக்க வேண்டும் என்பது அத்தாயின் குறிக்கோள். அதில் குற்றமில்லை, அன்பே இருந்தது. ஆயினும் அது நிறைவேறக் கூடியதாக இல்லை. காலம் சென்றது. 1916ஆம் ஆண்டில் அழகம்மையார் மகனிடமே வந்து தங்கினார். மகனை வீட்டிற்கு அழைக்கும் எண்ணத்தை விட்ட தாய்க்கு, மகன் இருந்த இடமே வீடாயிற்று. அடியார்களுக்கு உணவு சமைத்துத் தொண்டு செய்து வாழ்ந்த அவர், 1922ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் மகனின் கரங்கள் தம் நெஞ்சிலும் தலையிலும் பதிந்திருக்க முத்தி எய்தினார். அவர் சமாதியின் மீதே மாத்ருபூதேசுவரர் ஆலயம் எழுந்தது.

மகன் விட்டது 16 வயதில், ஒரே நாளில். தாய் விடுவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. இரண்டும் தெளிவுதான். விரைவாக விட இயலாதவர் தம்மைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை.

எல்லோரும் வீட்டை விட வேண்டுமா?

வேண்டா. தம்மைப் போல் துறவு பூணலாமா எனக் கேட்டு வந்த இல்லறத்தாரை மகரிஷி பொதுவாக வீட்டிற்கே திருப்பி அனுப்பினார். விட வேண்டியது ‘நான்’, ‘எனது’ என்னும் பற்றையே அன்றிக் கடமையை அன்று என்பது அவர் அறிவுரை. எனவே அவர் வாழ்விலிருந்து இல்லறத்தார் கொள்ள வேண்டியது புறப்பாட்டை அன்று, ஆராய்ச்சியையே.

திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டார உழவர்கள் இதனை நன்கு அறிவர். இது வானம் பார்த்த பூமி. மழை பிந்தினால், பருத்திதான் போடுவேன் என்று அவர்கள் பிடிவாதம் செய்வதில்லை. பருவம் எஞ்சியுள்ள அளவைக் கணித்து, குதிரைவாலி போன்ற குறுகிய காலப் பயிருக்கு மாறுகின்றனர். நிலத்தை அவர்கள் கைவிடவில்லை. அந்த ஆண்டின் பயிரை மாற்றினர். பருத்தி முளைத்த பின்னரும், ஒரே குழியில் இரண்டு மூன்று செடிகள் நெருங்கி நின்றால், வலுவான ஒன்றை நிறுத்தி மற்றவற்றைப் பிடுங்கி விடுகின்றனர். பிடுங்கப்படுபவை களைகள் அல்ல, அவையும் பருத்தியே. எல்லாவற்றையும் விட்டு வைத்தால் ஒன்றும் காய்க்காது என்பதால் அவ்வாறு செய்கின்றனர். தீய எண்ணங்களை விடுவது எல்லோரும் அறிந்த அறம். நல்லனவற்றுள்ளும் சிலவற்றை விட வேண்டியிருக்கும் என்பதே கடினமான பாடம்.

ஆராயும் முறை

ஒவ்வொரு குறிக்கோளையும் முன்னிறுத்திச் சில கேள்விகளைக் கேட்கலாம். இது உண்மையில் என் விருப்பமா, பிறரைப் பார்த்துப் பற்றிக் கொண்டதா? தாம் அடையாத பதவியை மகன் அடைய வேண்டும் என்று கருதும் தந்தை, அது மகனுடைய குறிக்கோள்தானா எனக் கேட்டதுண்டா? இதனால் கடனும் பகையும் வளர்கின்றனவா? பங்காளியை விடச் சிறப்பாகத் திருமணம் நடத்த எண்ணி வட்டிக்கு வாங்குபவர், மகளின் நல்வாழ்வை நாடுகிறாரா, வெற்றியை நாடுகிறாரா? யாரும் அறியாதவாறு நிறைவேறினாலும் இதனால் மகிழ்ச்சி உண்டாகுமா? ஊரார் காணாவிட்டால் பயனற்றுப் போவது, ஊராருக்காகவே சுமக்கப்பட்ட சுமை.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. சோம்பலும் அச்சமும் தெளிவைப் போல் வேடமிட்டு வரும். கடினமாக இருக்கிறது என்பது மட்டுமே ஒன்றை விடுவதற்குக் காரணமாகாது. விட்ட பின் உள்ளம் அமைதியுற்று மற்றக் கடமைகள் செம்மையுற்றால் அது தெளிவு. மற்றக் கடமைகளும் தளர்ந்தால் அது சோம்பல்.

மற்றொன்று, வேண்டுதலைப் பற்றியது. இறைவன் திருமுன் வேண்டிக் கொண்டதை விடலாமா எனச் சிலர் அஞ்சுவர். செய்கிறேன் என்று வாக்களித்த நேர்த்திக்கடனைச் செலுத்துவது கடமை. எனக்கு இது வேண்டும் என்று கேட்ட விருப்பம் வேறு. அதனைத் திருவடியில் வைத்து, தருவதும் தராமையும் நின் திருவுளம் என்று விட்டு விடுவது வழிபாட்டின் நிறைவே ஆகும்.

விடுவது எனத் தெளிந்தால், முறையாக விட வேண்டும். உரியவர்களிடம் சொல்லுதல், வாங்கியதைத் திருப்பித் தருதல், செய்யாமல் விட்டதை ஒப்புக் கொள்ளுதல், யார் மீதும் பழி சுமத்தாதிருத்தல் ஆகியவை அம்முறை. 2 ரூபாயோடு வைக்கப்பட்ட அச்சிறு கடிதம் இதற்கு என்றும் வழிகாட்டி.

திருச்சுழியில் திருமேனிநாதரை வணங்கி, திருக்கோயிலுக்கு அருகே மகரிஷி பிறந்த இல்லமான சுந்தரமந்திரத்தையும் தரிசிக்கும் அன்பர்கள், சற்றே அமர்ந்து தம் உள்ளத்தில் தேங்கியிருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார்களாக. வடிய வேண்டிய வெள்ளம் வடிந்து, நிற்க வேண்டிய நிலம் வெளிப்பட, பூமிநாதர் திருவருளும் துணைமாலையம்மையின் துணையும் என்றும் முன்னிற்பதாக.